மியாமோட்டோ அப்படிச் சொன்னாரா? டாங்கி காங் கன்ட்ரி சண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவது வழக்கம். தஞ்சாவூரிலிருந்து இரண்டு பேர், மயிலாடுதுறையிலிருந்து ஒரு தம்பி, மன்னார்குடியிலிருந்து ஒரு அண்ணன், மீதி உள்ளூர். காபி குடித்துக்கொண்டு பேசுவதெல்லாம் பழைய வீடியோ கேம்கள்தான். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே சண்டையில் போய் நிற்கிறது. புதிதாக வருகிறவர்களும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று இதை எழுதினேன்.

சண்டை எதைப் பற்றி?

ஜப்பானின் நின்டென்டோ நிறுவனத்தில் மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ, 1994-ல் வந்த 'டாங்கி காங் கன்ட்ரி' என்ற கேமைப் பற்றிச் சொன்னதாக ஒரு வாசகம் 30 வருடமாகச் சுற்றிவருகிறது. படம் அழகாக இருந்துவிட்டால் விளையாட்டு சுமாராக இருந்தாலும் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள், அதற்கு இந்த கேமே சாட்சி என்பது அதன் சாரம்.

மாரியோ பக்கம் இருப்பவர்கள் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். டாங்கி காங் பக்கம் இருப்பவர்கள் இதைக் கேட்டாலே கொதிக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் மாரியோவை இறக்கிப் பேச எனக்கு மனம் வராது. பள்ளி விடுமுறையில் அத்தை வீட்டு டிவி கேமில், மஞ்சள் கேசட்டைப் போட்டு விளையாடிய முதல் ஆட்டமே மாரியோதான்.

அவர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா?

அந்த வாசகம் 90-களின் நடுவில் ஆங்கிலத்தில் பரவியது. மியாமோட்டோ பேட்டிகளில் ஜப்பானிய மொழியில்தான் பேசுவார், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஆகவே நம் கைக்கு வந்திருப்பது அவர் வாய்ச்சொல் இல்லை. ஒருவர் மொழிபெயர்த்து, இன்னொருவர் எழுதி, அதை நூறு பேர் எடுத்துப் போட்டது.

உறுதியாகத் தெரிவது வேறொன்று. 2010 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இ3 வீடியோ கேம் கண்காட்சியின்போது மியாமோட்டோவே இந்தப் பேச்சை எடுத்தார். அந்த கேம் எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு வதந்தி உலவுகிறது, அது சரியில்லை என்றார். அதன் தயாரிப்பில் தான் நிறையவே ஈடுபட்டிருந்ததாகவும், முடியும் வரை கிட்டத்தட்ட தினமும் டிம் ஸ்டாம்பருடன் மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். டிம் ஸ்டாம்பர், அந்த கேமைச் செய்த இங்கிலாந்து நிறுவனமான ரேரை நிறுவிய சகோதரர்களில் ஒருவர்.

15 வருடம் கழித்துச் சொன்னது மரியாதைக்காகச் சொன்னதாக இருக்கலாமே என்று தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கேட்கிறார். இருக்கலாம். ஆனால் யாரோ எழுதிய வாசகத்தை நம்புகிறவர், ஆளே நேரில் வந்து சொன்னதை மட்டும் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

'சுமார்' என்றாரா, 'குப்பை' என்றாரா?

இந்தக் கேள்வி எங்களிடம்தான் பிறந்தது. ஆங்கில வாசகத்தில் இருக்கும் சொல்லுக்கு நம் 'சுமார்' கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் மன்னார்குடி அண்ணன் முதல்முறை சொன்னபோது 'மட்டம்' என்றார். அடுத்த வாரம் அதுவே 'குப்பை' ஆகிவிட்டது. மயிலாடுதுறைத் தம்பி ஊருக்குப் போய், 'மியாமோட்டோ காறித் துப்பிவிட்டார்' என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான். எங்கள் எட்டுப் பேருக்குள்ளேயே ஒரு மாதத்தில் இவ்வளவு மாறுகிறதென்றால், நின்டென்டோ இருக்கும் கியோட்டோவிலிருந்து கும்பகோணம் வருவதற்குள் என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

இரண்டுமே நின்டென்டோ கேம்தானே? அப்புறம் எப்படிப் போட்டி?

பங்காளிச் சண்டை கேள்விப்பட்டதில்லையா? அதுதான் இது.

டாங்கி காங் என்ற குரங்கை 1981-ல் உருவாக்கியதே மியாமோட்டோ. மாரியோ முதலில் தலைகாட்டியதும் அந்த கேமில்தான். அப்போது அவன் பெயர் ஜம்ப்மேன். பிறகு மாரியோ 1985-ல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வழியாகப் பெரிய ஆளாகிவிட்டான், குரங்கு ஒதுங்கிவிட்டது. 90-களில் நின்டென்டோ அந்தக் குரங்கை இங்கிலாந்தில் ட்வைக்ராஸ் என்ற சிற்றூரில் இருந்த ரேரிடம் ஒப்படைத்தது. பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்த மாதிரி. அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து, பெற்றவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இணையாக 90 லட்சத்துக்கும் மேல் விற்றால் ஊர் என்ன பேசும்? அப்பாவுக்கே பொறாமை என்றுதான் பேசும். அந்த வாசகம் இத்தனை வருடம் உயிரோடு இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு செய்தி. கதாநாயகனின் கூட்டாளி டிடி காங், ரேரின் முதல் யோசனையில் பழைய டாங்கி காங் ஜூனியரின் புது வடிவம். ஜூனியர் என்றால் பழைய தோற்றத்திலேயே வையுங்கள், இல்லையென்றால் வேறு பெயர் வையுங்கள் என்று நின்டென்டோ சொன்னதும் பெயரை மாற்றிவிட்டார்கள். பிள்ளையை முழுசாகக் கைகழுவிக் கொடுக்கவில்லை, ஒரு கண் இருந்துகொண்டே இருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது.

அந்தப் படத்தில் அப்படி என்ன விசேஷம்?

அதுவரை வந்த பெரும்பாலான கேம்களில் புள்ளி புள்ளியாக வைத்துக் கையால் உருவம் வரைவார்கள். ரேர் வேறு வழியில் போனது. சிலிக்கன் கிராஃபிக்ஸ் என்ற விலை உயர்ந்த கணினிகளில் குரங்கை முப்பரிமாண உருவமாகவே செய்து, வெளிச்சம் நிழலெல்லாம் போட்டு, ஒவ்வொரு அசைவையும் தட்டையான படமாக எடுத்து, சுருக்கிக் கேசட்டுக்குள் வைத்தது.

நம் பக்கத்துக் கண்ணால் பார்த்தால் சுலபம். சுவாமிமலையில் ஸ்தபதி ஒரு நடராஜரை வார்க்கிறார். அதைச் சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்து காலண்டரில் அச்சடிக்கிறோம். கையில் இருப்பது காகிதம்தான், ஆனால் பார்க்கிற கண்ணுக்கு வெண்கலத்தின் உருட்சி தெரிகிறது. சூப்பர் நின்டென்டோ என்ற அந்தப் பெட்டிக்கு இவ்வளவு நுணுக்கமான முப்பரிமாண உருவத்தை விளையாடும்போதே வரைந்து காட்டும் சக்தி கிடையாது. காலண்டரைக் காட்டத்தான் தெரியும். அதை வைத்தே உலகத்தை வாய் பிளக்க வைத்தார்கள்.

குரங்கின் ஓட்டத்துக்காக ரேர்காரர்கள் ட்வைக்ராஸ் மிருகக்காட்சி சாலைக்குப் போய் கொரில்லாக்களைப் பார்த்தார்கள். அந்த நடை ஒரு வேகமான கேமுக்கு உதவவில்லை. கடைசியில் குதிரையின் பாய்ச்சலைப் பார்த்துத்தான் டாங்கி காங்கை ஓடவிட்டார்கள். பார்வைக்கு அழகு முக்கியமா, கைக்கு ஓட்டம் முக்கியமா என்று வந்த இடத்தில் அவர்கள் ஓட்டத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள். இதை நான் ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன்.

படத்தை எடுத்துவிட்டால் மிச்சம் சுமார்தானே?

இல்லை. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதையே எழுத உட்கார்ந்தேன்.

வயல் வரப்பில் ஓடிவந்து வாய்க்காலைத் தாண்டுகிற பையனைப் பார்த்திருப்பீர்கள். அவன் கரை விளிம்பில் நின்று அளந்து பார்ப்பதில்லை, ஓட்டத்தோடு ஓட்டமாகத் தாண்டுவான். டாங்கி காங் கன்ட்ரியின் உயிர் அதில் இருக்கிறது. குரங்கு உருண்டு எதிரியை அடிக்கும். அடித்த வேகத்தில் இன்னும் விரைவாக உருளும். உருண்டு மேட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே போன பிறகும், காலடியில் தரை இல்லாத அந்தரத்தில், ஒரு தாவல் தாவ முடியும். சாதாரணத் தாவலுக்கு எட்டாத பள்ளத்தை அப்படிக் கடக்கலாம். யாரும் சொல்லித் தருவதில்லை, தற்செயலாகக் கைக்கு வரும். வந்த பிறகு விட முடியாது. எனக்கு அது கைக்கு வந்தது 2004 வாக்கில், கும்பகோணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரில், கீபோர்டின் அம்புக்குறி பட்டன்களில். அரை மணி நேரத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் எதிரிகளை வைத்திருக்கும் விதம். முதல் முறை ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்துத் தாவுவோம். பத்தாவது முறை போகும்போது, எங்குமே நிற்காமல் ஓடினால் ஒவ்வொரு எதிரியும் நம் கால் இறங்குகிற இடத்துக்குச் சரியாக வந்து நிற்பது தெரியும். தவில்காரர் கணக்கு வைத்து வாசிக்கிற மாதிரி, சுற்றி வந்து சமத்தில் விழும். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இது வருமா? யாரோ உட்கார்ந்து அடி அடியாக அளந்து வைத்திருக்கிறார்கள்.

பீப்பாய்கள் வேறு. ஒரு பீப்பாய்க்குள் புகுந்தால் அது பீரங்கி மாதிரி நம்மை அடுத்த பீப்பாய்க்குச் சுடும். பனி மலையில் வரும் 'ஸ்னோ பேரல் பிளாஸ்ட்' ஸ்டேஜில் பீப்பாய்கள் சுழலும், நகரும், பனிப்புயல் கண்ணை மறைக்கும். அங்கே ஒரே ஒரு பட்டன்தான் வேலை, அதையும் எப்போது தட்டுவது என்பதுதான் மொத்த ஆட்டமும். சுரங்க வண்டி ஸ்டேஜிலும் அப்படித்தான். தண்ணீருக்குள் போகும் 'கோரல் கேப்பர்ஸ்' ஸ்டேஜில் மட்டும் எல்லா அவசரமும் அடங்கிவிடும். டேவிட் வைஸின் இசை அங்கே வரும்போது எங்கள் கூட்டத்தில் ஒருவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார், ஆள் செத்தாலும் பரவாயில்லை என்று. ஓட்டமும் ஓய்வும் இப்படி மாறி மாறி வருவதைச் சுமார் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பாது.

மாரியோ பக்கம் சொல்வதில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. குரங்கு பெரியது, அதனால் திரையில் இடம் குறைவு, வேகமாக ஓடினால் எதிரி கடைசி நொடியில்தான் தெரிவான். பாஸ்கள், அதாவது ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வரும் பெரிய எதிரிகள், பலவீனம், முதலில் வந்த பெரிய பீவரும் கழுகும் பின்னால் வேறு நிறத்தில் மறுபடி வருகின்றன. ரகசிய அறைகள் பலவற்றுக்குத் துப்பே கிடையாது, சுவரில் முட்டி முட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மாரியோவின் முதல் ஸ்டேஜை இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அதை எப்படி வடிவமைத்தோம் என்று மியாமோட்டோவே 2015-ல் விளக்கியிருக்கிறார். முதலில் ஒரு எதிரி நடந்து வருகிறான், தாவக் கற்றுக்கொள்கிறோம். பிறகு பெட்டியிலிருந்து காளான் வருகிறது. அதுவும் எதிரிதானோ என்று தோன்றும். அது குழாயில் முட்டித் திரும்பி நம் பக்கமே வரும். மேலே கல் இருப்பதால் தாவியும் தப்பிக்க முடியாது, நம் மேல் பட்டுவிடும். பட்டதும் மாரியோ பெரியவனாகிறான். ஒரு வார்த்தை சொல்லாமல் பாடம் முடிந்துவிட்டது. இவ்வளவு யோசிக்கிற மனிதருக்கு, சுவரில் முட்டி ரகசியம் தேடுவது உவப்பாக இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

ரேர்காரர்கள் பதில் சொன்னார்களா?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தக் குற்றச்சாட்டை அவர்களே கேமுக்குள் ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டார்கள்!

கிராங்கி காங் என்று ஒரு கிழட்டுக் குரங்கு இருக்கிறார். 1981-ன் பழைய டாங்கி காங்கே வயதாகி இப்படி ஆகிவிட்டார் என்பது கதை. கேமின் தொடக்கத்திலேயே, பழைய இரும்புச் சட்டங்களின் மேல் உட்கார்ந்து கிராமபோனில் பழைய மெட்டைச் சுற்றிக்கொண்டிருப்பார். புது டாங்கி காங் பெரிய ஸ்டீரியோவோடு வந்து குதித்து அவரைத் தள்ளிவிடுவான். பார்க்கிற நேரமெல்லாம் கிராங்கி, எங்கள் காலத்தில் இந்தப் பகட்டெல்லாம் ஏது என்று புலம்புவார். நம் ஊர்த் திண்ணைத் தாத்தாவேதான்.

1995-ல் கேம் பாய் கருவிக்கு 'டாங்கி காங் லேண்ட்' வந்தது. அதன் கதையே, உங்கள் கேம் ஓடியது படத்தாலும் பாட்டாலும்தான், முடிந்தால் அது இரண்டும் இல்லாமல் 8 பிட் என்ற சக்தி குறைந்த கருவியில் ஜெயித்துக் காட்டுங்கள் என்று கிராங்கி விடும் சவால். மியாமோட்டோ சொன்னதாகச் சொல்லப்படும் அதே வாதம், அதே வருடங்களில், ரேரின் சொந்தப் பாத்திரம் பேசுகிறது. பாதி வாசகம் கிராங்கியிடமிருந்து வந்து மியாமோட்டோ பேரில் ஒட்டிக்கொண்டதோ என்று மயிலாடுதுறைத் தம்பி கேட்டான். நிரூபிக்க வழியில்லை. ஆனாலும் நல்ல கேள்வி.

'யோஷிஸ் ஐலண்ட்' மியாமோட்டோ கொடுத்த பதிலடியா?

மாரியோவின் டைனோசர் கூட்டாளி யோஷியை நாயகனாக வைத்து 1995 ஆகஸ்டில் ஜப்பானில் வந்த கேம் அது, தயாரிப்பாளர் மியாமோட்டோ. விற்பனைப் பிரிவினர் டாங்கி காங் மாதிரிப் பளபளப்பு கேட்டார்கள் என்றும், அதற்காகவே அவர் வேண்டுமென்று எதிர்த்திசையில் போனார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, வந்து நின்ற கேம் குழந்தை கிரேயானால் சுவரில் கிறுக்கிய மாதிரி இருக்கிறது. மலை, மேகம், பூ எல்லாம் கையால் தீட்டிய தோற்றம். வாய்ச்சொல்லை வைத்துச் சண்டை போடுவதைவிட இந்த இரண்டு கேம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டு பேரின் கருத்தும் அங்கே முழுசாக இருக்கிறது.

சோனிக்கை விட்டுவிட்டீர்களே?

நின்டென்டோவின் போட்டி நிறுவனமான செகாவின் நாயகன் சோனிக், வேகமாக ஓடும் நீல முள்ளெலி. அவன் பங்காளி இல்லை, எதிர்வீடு. அப்போது செகாவில் இருந்த யூஜி நாகா, மாரியோவின் முதல் ஸ்டேஜை ஒவ்வொரு முறையும் எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று விளையாடியதிலிருந்துதான் சோனிக்கின் யோசனை பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். 1991-ல் வந்த அந்த கேமில் எல்லா பட்டனும் தாவுவதற்கே. போட்டிக்காரரின் கேமைப் பற்றிய கருத்தை ஒரு கேமாகவே சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ரேரும் சும்மா இருக்கவில்லை. 'டாங்கி காங் கன்ட்ரி 2' முடிவில் கிராங்கியின் நாயகர் வரிசையில் மாரியோ, யோஷி, 'ஸெல்டா' கேம்களின் நாயகன் லிங்க் நிற்பார்கள். ஓரத்தில் ஒரு குப்பைத் தொட்டி, அதன் பக்கத்தில் சோனிக்கின் சிவப்புக் காலணி கிடக்கும்.

ஆனால் சோனிக்கின் உருவத்தை வரைந்த நவோடோ ஓஷிமா பிறகு நிறுவிய ஆர்ட்டூன், நின்டென்டோவுக்காக 'யோஷிஸ் ஐலண்ட் டிஎஸ்' கேமைச் செய்து கொடுத்தது. ரசிகர்கள் இங்கே பேச்சுவார்த்தை முறிந்து உட்கார்ந்திருக்கும்போது அங்கே சம்பந்தமே செய்துகொண்டுவிட்டார்கள்.

படைத்தவரே சொன்னால் அதுதானே தீர்ப்பு?

நாதஸ்வரக் கச்சேரி கேட்டு வளர்ந்த ஊர் இது. ஒரு வித்வான் இன்னொருவர் வாசிப்பைப் பற்றிச் சொல்வதில் பாதி அவருடைய சொந்தப் பாணி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நிதானமாக ஆலாபனை செய்கிறவருக்கு விறுவிறுப்பான வாசிப்பு மேம்போக்காகத்தான் படும். அவர் காது தவறு என்று அர்த்தமில்லை. அந்தக் கருத்திலிருந்து அவர் எதைத் தேடுகிறார் என்று தெரிந்துகொள்ளலாம். மற்றவர் கச்சேரியை நாம்தான் உட்கார்ந்து கேட்க வேண்டும். மியாமோட்டோ அந்த வாசகத்தைச் சொல்லியே இருந்தாலும் எனக்கு இதே பதில்தான்.

பிறகு அந்தக் குரங்கு என்ன ஆனது?

2002-ல் ரேரை மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது, குரங்கு நின்டென்டோவிடமே இருந்துவிட்டது. 2010-ல் அமெரிக்காவின் ரெட்ரோ ஸ்டுடியோஸ் 'டாங்கி காங் கன்ட்ரி ரிட்டர்ன்ஸ்' செய்தது. மியாமோட்டோ அந்த மறுப்பைச் சொன்ன அதே கண்காட்சியில்தான் அது அறிவிக்கப்பட்டது. 2014-ல் வந்த அடுத்த கேமுக்கு டேவிட் வைஸ் திரும்பி வந்து இசையமைத்தார். 2025 ஜூலையில் வந்த 'டாங்கி காங் பனான்ஸா'வை உருவாக்கியது நின்டென்டோவின் சொந்த மாரியோ குழு.

நான் இதுவரை எதையுமே விளையாடியதில்லை. எங்கே தொடங்குவது?

நின்டென்டோ ஸ்விட்ச் கையில் இருந்தால், அதன் ஆன்லைன் சந்தாவில் இந்தப் பழைய கேம்கள் கிடைக்கின்றன. டாங்கி காங் கன்ட்ரி அதில் 2020 ஜூலையில் சேர்ந்தது, யோஷிஸ் ஐலண்ட் அதற்கும் முன்பே. எங்கள் கூட்டத்தில் இருக்கும் ஒரே ஸ்விட்ச், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவரின் மாமா ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மேல் வந்தால் கன்ட்ரோலர் தருவோம். முதல் ஸ்டேஜில் மரவீட்டிலிருந்து இறங்கியதும் உடனே வலது பக்கம் ஓடாதீர்கள். திரும்ப மேலே ஏறி வீட்டுக்குள் போய்ப் பாருங்கள், கூடுதலாக ஒரு உயிர் தரும் லைஃப் பலூன் இருக்கும்.